முப்பத்தொன்பதாவது வரி

லியெபாயாவைக் காற்று பிறந்த ஊர் என்பார்கள்.
பிறந்ததோடு சரியா?
வளர்ந்து ஆளாகியும் வேலைக்குப் போகாமல்
வீட்டோடு இருக்கிறது.

நகராட்சியில் என் வேலை
இன்னும் நடக்காதவற்றை எழுதி வைப்பது.
இடர்ப் பதிவேடு என்று அதற்குப் பெயர்.
நாலாயிரத்து இருநூறு தெருவிளக்கு,
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிப்,
அவற்றுக்கு என்னவெல்லாம் நேரலாம் என்று
முப்பத்தெட்டு வரிகள்.
கடல் உப்பு கம்பத்தை அரிக்கலாம்.
விற்ற கம்பெனி திவாலாகலாம்.
எங்கோ உட்கார்ந்து எவனோ
கடவுச்சொல்லை உடைத்து
ஊரையே கண்சிமிட்ட வைக்கலாம்.
வாய்ப்பு இரண்டு, பாதிப்பு ஐந்து,
பெருக்கினால் பத்து. மஞ்சள் நிறம்.
மஞ்சள் என்றால் தூங்கலாம்,
ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்து.

பதினேழாவது வரி, காற்று.
காற்றில் கம்பம் சாயலாம் என்று எழுதியிருந்தேன்.
மனிதர் சாய்வார்கள் என்று எழுதவில்லை.

ஜனவரியில் அவுஸ்மா வந்தாள்.
மீன் டப்பா ஆலையில் இரவு ஷிப்ட்.
மேசைமேல் கழற்றி வைத்த கையுறையில்
புகையில் வாட்டிய மத்தியின் வாடை.
"உங்கள் விளக்குகளுக்கு என்னைப் பிடிக்கவில்லை."

திரையைத் திருப்பிக் காட்டினேன்.
கரோஸ்தா சாலை நெடுகப் பச்சைப் புள்ளிகள்.
நள்ளிரவுக்குமேல் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம்,
ஆள் வந்தால் முழு வெளிச்சம் என்றேன்.
"ஆள் வந்தால்" என்றாள்,
வாயில் சிக்கிய மீன்முள்ளை எடுத்து
தட்டின் ஓரத்தில் வைப்பதுபோல்.

அன்றிரவு மூன்று நாற்பதுக்கு அவளோடு நடந்தேன்.
கால்வாயைத் தாண்டியதும் காற்று பிடித்துக்கொண்டது.
அவள் ஆலைச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.
நானும் ஒட்டிக்கொண்டேன்.
குளிர்காலத்தில் அந்தச் சாலையில்
எல்லோரும் பல்லியின் உறவினர்தான்.
உணரியின் கண்ணோ
நடுப்பாதையையே பார்த்துக்கொண்டிருந்தது.
ரீகாவிலிருந்து வந்தவர்கள் அதைப் பழக்கியது
ஜூலையில், இலை அசையாத ஒரு மத்தியானத்தில்.

மீன்தலையைக் கவ்வியபடி ஒரு நரி
நடுப்பாதையில் போயிற்று.
அதற்கு எரிந்தது.
மூன்று கம்பம், ராஜ மரியாதை.

அவுஸ்மா குனிந்தாள். பனியை உருட்டினாள். எறிந்தாள்.
உருண்டை போன இடத்தில் விளக்கு விழித்தது.
அந்த வெளிச்சத்தில் நாற்பது அடி.
மறுபடி ஓர் உருண்டை.
எத்தனை நாளாக இப்படி என்று கேட்க வாயெடுத்து
வேறொன்றைக் கேட்டேன்:
"வேனிலில் என்ன செய்வாய்?"
"வேனிலில் இங்கே இராத்திரி எங்கே இருக்கிறது?"
"நவம்பரில்? பனியும் விழாமல், பொழுதும் விடியாமல்..."
கோட்டுப் பைக்குள் கைவிட்டு
ஓர் உருளைக்கிழங்கை எடுத்து என் கையில் வைத்தாள்.
"மறக்காமல் திரும்பப் பொறுக்கிவிட வேண்டும்,
விலை ஏறிக் கிடக்கிறது."

கூட்டத்தில் குந்தார்ஸ் கேட்டார்: வாய்ப்பு எத்தனை?
தினமும் என்றேன்.
தினமும் நடப்பதற்கு இடர் என்று பெயரில்லை,
அது வேறு பதிவேடு என்றார்.
வேறு பதிவேடு எந்த மாடியில் என்று
யாருக்கும் தெரியவில்லை.
சரி, இதிலேயே இருக்கட்டும் என்றார், காப்பியைப் பார்த்தபடி.

முப்பத்தெட்டு வரியிலும் பொறுப்பாளர் கட்டத்தில்
கம்பெனியின் பெயர் இருந்தது.
முப்பத்தொன்பதாவதில் என் பெயரை எழுதினேன்.
எழுதிய பிறகு கை சில்லிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சுவர்ப்பக்கம் பன்னிரண்டு பாகை திருப்புக என்று
ஒப்புதல் வந்தது ஏப்ரல் கடைசியில்.
அன்றுதான் குளிர்கோட்டை மடிக்க எடுத்தேன்.
பைக்குள் கிழங்கு முளைவிட்டிருந்தது,
வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியாமல்
எல்லாப் பக்கமும்.